ஜாலான் புசாரில் ஒரு நீலகிரிக் கசப்பு

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்து மதுக்கூடங்களில் ஒரு கிளாஸ் ஜின் டானிக் வாங்க இருபது வெள்ளிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதன் மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்கு ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி. அதே காசோடு லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்தால் இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, அப்பளம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிவிட்டு எழலாம். கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஜின், விஸ்கி போன்றவற்றுக்குச் சிங்கப்பூர் அரசு, தூய ஆல்கஹால் கணக்கில் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை விதித்திருக்கிறது. 40 விழுக்காடு வீரியமுள்ள 700 மில்லி பாட்டிலுக்குத் தீர்வை மட்டுமே ஏறக்குறைய 25 வெள்ளி. மூடியைத் திருகும் முன்பே அவ்வளவு.

இருந்தும் போனேன். ஜின்னுக்காக அல்ல என்றால் நம்ப மாட்டீர்கள், பாதிதான் உண்மை. மீதிப் பாதி டானிக்குக்காக. அதில் உள்ள கசப்புக்கும் நம் ஊர் மலைக்கும் இந்தத் தீவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஜின்னுக்குப் பெரிய மரியாதை கிடையாது. டாஸ்மாக் வரிசையில் நிற்பவர் பிராந்தி கேட்பார், ரம் கேட்பார். ஜின் கேட்டால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அது பெண்கள் குடிப்பது என்று ஒரு பேச்சு உண்டு, யார் கிளப்பிவிட்டதோ. உண்மையில் ஜின்னைப் போல நம் அஞ்சறைப் பெட்டிக்கு நெருக்கமான மது வேறில்லை. மணமற்ற சாராயத்தை ஜூனிப்பர் காய்களோடு சேர்த்து வடிப்பதுதான் ஜின். ஜூனிப்பருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் விழுவது கொத்தமல்லி விதை. பிறகு ஏலம், பட்டை, ஆரஞ்சுத் தோல், அவரவர் வசதிப்படி. நல்ல ஜின்னை முகர்ந்தால் வறுத்து அரைக்கும் முன் மல்லியை உள்ளங்கையில் கசக்கிய மணம் அடியில் தெரியும்.

தேக்காவில் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். ஜாலான் புசார் என்ற பெயரிலேயே 2017 முதல் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது, ஆனால் நடந்து வந்தால்தான் ஊர் மாறும் இடம் தெரியும். சிராங்கூன் சாலையின் பூக்கடைகளும் நகைக்கடைகளும் முடிந்து, சையது ஆல்வி சாலையில் முஸ்தபா அங்காடியின் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தால், குழாய், திருகு, விளக்குச் சாமான் விற்கும் கடைவீடுகள். தெருப் பெயர்கள் திடீரென்று ராணுவ உடுப்பு மாட்டிக்கொள்கின்றன: கிட்சனர், வெர்டன், பெட்டெய்ன், ஜெல்லிகோ, ஆலன்பி, டிர்விட். முதல் உலகப் போரின் தளபதிகளும் போர்க்களங்களும். சதுப்பைத் தூர்த்துப் புதிதாகத் தெருக்கள் போட்டபோது போர் முடிந்த சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

சதுப்பு என்றால் கொசு. இந்த வட்டாரத்தில் அன்று வாழ்ந்தவர்களுக்குக் காய்ச்சல் புதிதல்ல. அவர்களில் தமிழர்களும் உண்டு. பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பகுதி கம்போங் கப்போர். தமிழர்கள் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலுக்கே சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றுதான் பழைய பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. நடைபாதையிலும் புல்வெளியிலும் தொழிலாளர் கூட்டம்: தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பேச்சு. யார் கையிலும் பியர் டப்பா இல்லை. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்து, அதையடுத்துக் கலவரம் மூண்ட பிறகு வந்த சட்டம்தான் காரணம். 2015 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இரவு 10.30லிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை. வார இறுதி முழுக்கவே பொது இடத்தில் குடிக்கத் தடை. மதுக்கூடத்துக்குள் குடிக்கலாம். ஆனால் இருபது வெள்ளி கொடுத்து உட்காரக்கூடியவருக்குத்தானே மதுக்கூடம்? விடுதியில் பத்துப் பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்பவருக்குப் புல்வெளிதான் வரவேற்பறை. சட்டத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அதன் சுமை யார் தலையில் இறங்கியது என்பதும் புரிகிறது.

பணம் மாற்ற ஒரு கடையில் நின்றேன். தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. என் பையில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய டானிக் பாட்டில் இருந்தது.

“பாய், இத அந்த விளக்குக்கிட்ட கொஞ்சம் காட்டுறீங்களா?”

“என்ன தம்பி இது, சாராயமா?”

“இல்ல பாய், வெறும் டானிக். சோடா மாதிரி. மது கிடையாது.”

சந்தேகத்தோடு வாங்கி விளக்கின் கீழ் பிடித்தார். நிறமில்லாத தண்ணீர் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். “அல்லாஹ்! இதையா குடிக்கிறாங்க?” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒளிர்ந்தது குவினைன். நம் தாத்தா பாட்டிகள் கொய்னா என்று முகம் சுளித்துச் சொன்ன அதே மருந்து. புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் குணம் அதற்கு உண்டு. 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இந்த ஒளிர்தலை ஆராய்ந்து பெயர் வைத்தபோது அவர் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று குவினைன் கரைசல்தான்.

டிர்விட் சாலையின் பழைய வன்பொருள் கடை ஒன்று 2012இல் காப்பிக் கடையானது. வாசலில் வன்பொருள் கடைப் பெயரே இன்னும் இருக்கிறது. அதே சாலையில் சீன மருந்து வணிகர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பியர்க் கடை வந்தது. மருந்துக் கடைக்காரர்களின் சங்கத்தில் மதுக்கடை என்பதைக் கேலியாக எடுக்க வேண்டியதில்லை. டானிக்கின் சரித்திரமும் அந்தக் கட்டடத்தின் சரித்திரமும் ஒரே திசையில்தான் போகின்றன.

நான் உட்கார்ந்தது வேறோர் இடம். பெயர் வேண்டாம், பத்துப் பேருக்கு மேல் கொள்ளாது. மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் நின்ற இளைஞர் சிங்கப்பூர்த் தமிழர். நான் தமிழில் கேட்டதும் முகம் மாறியது.

“அண்ணே, எந்த ஜின்?”

“ஜின் எதுவானாலும் சரி தம்பி. டானிக் எப்படி ஊத்துறீங்கன்னு பாக்க வந்தேன்.”

சிரித்தார். உயரமான கிளாஸை எடுத்து விளிம்பு வரை ஐஸ் நிரப்பினார். இவ்வளவு ஐஸா என்று நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஐஸைப் போட்டு மதுவைக் குறைக்கிறான் என்பார்கள். “கொஞ்சமா போட்டாத்தாண்ணே சீக்கிரம் உருகித் தண்ணியாகும். நெறய போட்டா ஒண்ணையொண்ணு கூல் பண்ணிக்கிட்டு அப்படியே நிக்கும்.” சரியான பேச்சு. 45 மில்லி ஜின் அளந்து ஊற்றினார். டானிக் சிறு பாட்டிலில், குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தது. கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, அவசரமில்லாமல் ஊற்றினார். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயிலில் கிடந்த டானிக்கை ஐஸில் ஊற்றினால் நுரை பொங்கி, ஐந்து நிமிடத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். ஜின் ஒரு பங்குக்கு டானிக் இரண்டரைப் பங்கு போல இருந்தது. நீண்ட கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினார். கலக்கவில்லை.

“லைம் போடவாண்ணே?”

“கலமான்சி இருக்கா?”

இருந்தது. கோலிக்குண்டு அளவுப் பச்சை எலுமிச்சை. இந்த ஊரில் மீ சியாமிலும் ரொஜாக்கிலும் பிழிவது. பாதியைப் பிழிந்து, தோலை உள்ளே போட்டார். எலுமிச்சையின் முரட்டுப் புளிப்பு இல்லாமல், நாரத்தை வாசனை போல ஒன்று டானிக்கின் கசப்போடு ஒட்டிக்கொண்டது. வெள்ளரி, ரோஸ்மேரிக் குச்சி, மிளகு என்று கிளாஸுக்குள் தோட்டம் போடும் பழக்கம் ஸ்பெயின் பக்கத்திலிருந்து உலகமெங்கும் பரவியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஜின்னுக்குள் ஏற்கெனவே பத்துச் சாமான்கள் இருக்கின்றன. அவற்றைப் பேச விட்டால் போதும்.

அவரே கேட்டார்: “வெள்ளக்காரன் மலேரியாவுக்கு மருந்தாத்தானே இதக் குடிச்சான்? எங்களுக்கு ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொன்னாங்க.”

உலகத்து மதுக்கூடங்களில் எல்லாம் சொல்லப்படும் கதை இது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்க்குக் கொய்னா கசந்ததாம், ஜின்னைச் சேர்த்து விழுங்கினானாம், பானம் பிறந்ததாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை நிற்காது. மலேரியா வந்த பெரியவருக்குக் குவினைன் 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரம் கொடுப்பார்கள். அமெரிக்காவில் டானிக்கில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 83 மில்லிகிராம். அப்படியானால் ஒரு நாள் மருந்துக்கே இருபது லிட்டருக்கு மேல் டானிக் குடிக்க வேண்டும். அந்தக் காலத்து டானிக்கில் குவினைன் கூடுதலாக இருந்திருந்தாலும் காய்ச்சலுக்குக் கொய்னாவைத் தனியாகத்தான் தின்றார்கள், இல்லாவிட்டால் ஒயினில் கரைத்துக் குடித்தார்கள். லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் டானிக் தண்ணீருக்குக் காப்புரிமை வாங்கியது 1858. ஜின்னும் டானிக்கும் ஒன்றாகக் குறிப்பிடப்படும் முதல் இடமாகக் கிடைத்திருப்பது 1868இல் இந்தியாவில் வெளிவந்த ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின். அதிலும் காய்ச்சல் இல்லை, குதிரைப் பந்தயக் கூட்டம் கலைகிற இரவில் கேட்கும் கூச்சல் அது. கிம் வாக்கரும் மார்க் நெஸ்பிட்டும் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக 2019இல் எழுதிய நூல் இதையெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறது. தாகத்துக்கும் உற்சாகத்துக்கும் குடித்தார்கள், அவ்வளவுதான். மருந்து என்று சொல்லிக்கொள்வது குடிப்பவருக்கு எப்போதும் வசதி.

அந்தக் கதையில் எனக்குள்ள குறை வேறு. அதில் கிளாஸைப் பிடித்தவன் மட்டுமே இருக்கிறான். பட்டையை உரித்தவன் இல்லை.

குவினைன் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருகிறது. மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 1820இல் பாரிஸில் பெல்தியேவும் காவெந்தூவும் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்த பிறகு, வெப்ப நாடுகளை ஆள நினைத்த ஒவ்வோர் அரசுக்கும் அந்த மரம் வேண்டியிருந்தது. ஆங்கிலேயரான கிளமெண்ட்ஸ் மார்க்கம் 1860இல் பெருவிலிருந்து கன்றுகளோடு ஊட்டிக்கு வந்தார். அவர் கொண்டுவந்தவை பெரும்பாலும் வழிச் சூட்டில் பட்டுப்போயின. அடுத்த ஆண்டு வந்த செம்பட்டை வகை பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்கைவர் தொட்டபெட்டா சரிவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாட்டில் உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் புதுப்பட்டை வளரும், அதில் குவினைன் இன்னும் கூடுதல் என்று கண்டவர் அவர். பிறகு வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகத்திலேயே காலணாவுக்குக் கொய்னாப் பொட்டலம் விற்றார்கள். இலங்கையில் காப்பி நோயில் அழிந்து தேயிலை வரும் வரை, 1880களில், தோட்டத் தமிழர்கள் உரித்தது சின்கோனாப் பட்டைதான். வரத்து பெருகி விலையே சரிந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரில் ஊரே இருக்கிறது. இன்று அங்கே தேயிலை.

நடுவட்டத்துக்கு வருகிறேன். உயர்ந்த மலையில், அட்டையும் மழையும் குளிரும் உள்ள இடத்தில் தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அரசு கைதிகளை அனுப்பியது. அவர்களில் சீனர்களும் இருந்தார்கள். எங்கிருந்து வந்த சீனர்கள்? நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. அங்கே சிறையில் இடம் போதாமல் மதராஸ் மாகாணச் சிறைகளுக்குக் கப்பலேற்றப்பட்டு, அங்கிருந்து நீலகிரிக்குப் போனவர்கள்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் என்ன நடந்தது என்று சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். 1825 முதல் 1873 வரை, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இந்தத் தீவில் இருந்தார்கள். தமிழர்களும் அதில் உண்டு. சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். 1861இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவேலை. அதன் சுவரில் பூசியிருப்பது சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் குழைத்த மதராஸ் சாந்து. சிங்கப்பூர் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தது; அதனால் ஆட்களை இப்படி மாற்றிக்கொள்ளக் காகிதத்தில் ஒரு கையெழுத்து போதும். நம் ஆள் இங்கே வந்து சாந்து குழைத்தான். இங்கிருந்த சீனன் அங்கே போய்க் கொய்னா மரம் வளர்த்தான்.

நீலகிரிக்குப் போன சீனர்களில் சிலர் தண்டனை முடிந்தும் திரும்பவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல்தொகுதியில், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் ஒரு சிறு குடியிருப்பைக் கண்டதாக எழுதியிருக்கிறார். சீனத் தகப்பன், தமிழ்த் தாய், பிள்ளைகள். கொஞ்சம் காப்பி, காய்கறி, சில மாடுகள். மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு போன மனிதர் அவர். அளவுகளைத்தான் அதிகம் எழுதினார். அந்தத் தாய் என்ன மொழியில் பிள்ளைகளைத் தூங்கவைத்தாள் என்று எழுதவில்லை.

இதைச் சுருக்கமாக மேடைக்குப் பின்னால் நின்ற தம்பியிடம் சொன்னேன். “அப்போ நம்ம ஊருச் சீனன் நம்ம ஊருல போயி இத நட்டான்றீங்க?” என்றார். நம்ம ஊர் என்று அவர் இரண்டு தடவை சொன்னது இரண்டு வேறு ஊர்களை.

நீலகிரிப் பட்டை உலகச் சந்தையில் நிலைக்கவில்லை. டச்சுக்காரர்கள் ஜாவாவில் இதைவிடக் கசப்பான வகையை வளர்த்து, இருபதாம் நூற்றாண்டில் உலகத் தேவையில் ஏறக்குறைய முழுதையும் தம் கையில் வைத்திருந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ஜாவாவும். ஜாலான் புசார் விளையாட்டரங்கில், 1929இல் திறந்த அதே மைதானத்தில், சீன ஆண்களை நிறுத்திவைத்து யாரைக் கொல்வது என்று ஜப்பானியர் தேர்ந்தெடுத்தார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள். காலராவும் மலேரியாவும் அவர்களைக் கொத்துக் கொத்தாகத் தின்றன. உலகத்தின் குவினைன் தோட்டங்களில் பெரும்பகுதி ஜப்பானியர் வசம் இருந்தபோது நடந்தது அது.

ஜின்னுக்குத் திரும்புகிறேன். இன்னொரு நாள் மாலை ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நார்த் பிரிட்ஜ் சாலையில் உள்ள அட்லஸ் மதுக்கூடத்தையும் எட்டிப் பார்த்தேன். 2017இல் திறந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜின் வகைகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், கழுத்து வலிக்கிறது. அதைவிட எனக்கு ஆர்வம் உள்ளூர் வடிசாலைகள்மேல். அலெக்சாண்ட்ரா டெரஸில் 2018இல் தொடங்கிய பிராஸ் லயன், 22 சாமான்கள் சேர்த்து ஜின் வடிக்கிறது; ரொஜாக்கில் நறுக்கிப் போடும் இஞ்சிப்பூ, செவ்வந்தி, பம்ப்ளிமாஸ் தோல் எல்லாம் அதில் அடக்கம். நல்ல சரக்கு. ஆனால் அதைச் சர்க்கரை கூடிய டானிக்கில் அமுக்கினால் பூவும் போச்சு, காசும் போச்சு. டானிக் கசப்பானது, அதனால் இனிப்பு இருக்காது என்று நினைப்பவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கட்டும். பல வகைகளில் கோலாவை நெருங்கும் சர்க்கரை உண்டு. சிங்கப்பூரில் 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘சி’ அல்லது ‘டி’ முத்திரை போட வேண்டும் என்று 2022 டிசம்பர் 30 முதல் சட்டம். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். குவினைன் சிலருக்கு ஒவ்வாது. கர்ப்பிணிகளும் இதய மருந்து சாப்பிடுபவர்களும் வெறும் டானிக்கைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஊட்டி – கூடலூர் சாலையில், ஊட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடுவட்டத்தில் அந்தச் சிறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அபினிப் போர்க் கைதிகளை அடைத்த இடம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மதராஸ் மாகாணத்தின் பழைய பதிவுகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நீரிணைக் குடியேற்றங்களின் பதிவுகள் சிங்கப்பூரில் கேனிங் ரைஸ் ஆவணக் காப்பகத்தில். சீனமும் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்த இரண்டு ஊர்ப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, கப்பலேறியவர்களின் பெயர்களை எடுத்துத் தர வேண்டும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் அதற்கு ஒரு சுவர் ஒதுக்கட்டும்.